ஏணியைத் திருப்பித் தராதவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, இந்த மழையில் குடையில்லாமல் நனைந்துகொண்டே வந்து சேர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் அம்மா அவர்களே! (குடை ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.) பின்வரிசையில் வீற்றிருக்கும் எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் அண்ணன் அவர்களே! சலவைக்கடை அம்மா அவர்களே! பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்து, இன்று ஒரு மனிதருக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் என் தமிழ்ச் சொந்தங்களே! முன்வரிசையில், கையில் எதையோ இறுக்கமாக மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! வணக்கம் சொல்லும் நேரமில்லைதான் இது. இருந்தாலும் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஓர் அறிவிப்பு. தமிழ் தெரியாத நண்பர்கள் இங்கே பாதிப் பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மகள் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் இந்த ஊர்ப் பாஷையில் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் நீங்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவர்கள் சிரிப்பார்கள். யாரும் திரும்பிப் பார்த்து முறைக்க வேண்டாம். சிரிப்பு கொஞ்சம் சுற்றி வருகிறது, அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பேசிய சங்கச் செயலாளர், மறைந்த நம் இயற்பியல் ஆசிரியரை "மாணவர்களை ஏற்றிவிட்டுத் தான் கீழேயே நின்ற ஏணி" என்று புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்! எந்த வாத்தியார் செத்தாலும் ஏணி என்பது, எந்தத் தாய் செத்தாலும் தெய்வம் என்பது. நம் மேடைகளுக்கு இது ஒரு வியாதி. அவருக்கு "ஏணி வாத்தியார்" என்று பெயர் வந்தது உண்மை. ஆனால் அவர் ஏணியா? இல்லை ஐயா, இல்லை! அவர் அடுத்தவர் ஏணியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராதவர்! அதோ, ஏணியின் சொந்தக்காரர் பின்வரிசையிலேயே இருக்கிறார். தலையை ஆட்டுகிறார் பாருங்கள். இல்லை, இன்னும் ஆட்டவில்லை. இப்போதுதான் மகள் சொல்கிறாள். ஆங், இப்போது ஆட்டுகிறார்!

நானும் அவரும் இந்த நாட்டுக்கு ஒரே விமானத்தில் வந்தவர்கள். அவர் இயற்பியல், நான் வேதியியல். ஒரே பள்ளி, பக்கத்துப் பக்கத்து இருக்கை. விமானம் இறங்கும் நேரத்தில், "தம்பி, பேனா இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன். அதுதான் நாங்கள் பேசிய முதல் வார்த்தை, அன்று போன பேனா என் கைக்குத் திரும்பி வரவே இல்லை.

வந்து இறங்கியாயிற்று. வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, வீடு இருந்தது. ஆனால் பேச ஆள் இருந்ததா? எங்கள் குடியிருப்பின் வராந்தாவைப் பார்த்திருப்பீர்கள். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். ஒவ்வொரு கதவிலும் கண்ணாடி வைத்த ஓர் ஓட்டை. உள்ளே இருப்பவர் நம்மைப் பார்க்கலாம், நாம் அவரைப் பார்க்க முடியாது. பள்ளியில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்து காலை வணக்கம் சொன்னால், அத்தனை பேரும் மரியாதையாகத் திரும்ப வணக்கம் சொல்வார்கள். அதோடு அன்றைய பேச்சுவார்த்தை இனிதே நிறைவுபெறும். கெட்டவர்களா? சத்தியமாக இல்லை. வெளிநாட்டுக்காரனிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரிந்ததா?

வகுப்பில் அவர் பாடம் நடத்துவார், பிள்ளைகள் சுவரைப்போல உட்கார்ந்திருப்பார்கள். "புரியுதா?" என்றால் தலை ஆடும். சந்தேகம் கேட்க ஒருத்தரும் வரமாட்டார்கள். வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவரை நானே கண்ணால் கண்டேன். "என்னண்ணே, யார்கிட்ட பேசுறீங்க?" என்றேன். "இதாவது பதிலுக்கு டிக் டிக்குங்குதேடா" என்றார்.

அண்ணனின் மனைவி, நம் அண்ணி, அப்போது இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. அண்ணன் ஒரு தந்திரம் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே பலகாரம் செய்து, டப்பா டப்பாவாகப் போட்டு, கதவு கதவாகத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். எல்லோரும் வாயெல்லாம் பல்லாக நன்றி சொன்னார்கள். மறுநாள் காலை அத்தனை டப்பாவும் பளபளவென்று கழுவி, உள்ளே ஆளுக்கொரு சாக்லேட் போட்டு, அவர் வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தது. கதவை ஒருத்தர்கூடத் தட்டவில்லை. பலகாரத்துக்குச் சாக்லேட், கணக்குத் தீர்ந்தது! அண்ணன் அந்த டப்பாக்களைப் பார்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, நான் ஊருக்கே போயிடறேன்டா. எனக்கு இது ஒத்து வராது" என்றார். பெட்டியைக் கட்டியும் விட்டார். ஆமாம், கட்டியே விட்டார்!

அவரைப் போகவிடாமல் தடுத்தது எது? நானா? இல்லை. பள்ளி நிர்வாகமா? இல்லை. ஃபியூஸ் போன ஒரு பல்பு!

பெட்டி கட்டிய அன்று வீட்டில் பல்பு ஃபியூஸ் போய்விட்டது. இருட்டில் பாஸ்போர்ட்டைத் தேட முடியவில்லை. கீழே போய் வாட்ச்மேன் அண்ணனிடம் ஏணி கேட்டார். நம் வாட்ச்மேன் அண்ணனுடைய முகம் உங்களுக்குத் தெரியும். சும்மா இருக்கும்போதே யாரையோ சந்தேகப்படுகிற முகம். "இன்னிக்கே திரும்பி வரணும்" என்று சொல்லிக் கொடுத்தார். பல்பைப் போட்டாயிற்று. ஏணியை அண்ணன் மறந்தே போய்விட்டார். அன்றைக்கு மட்டும் அது நிஜமாகவே மறதி என்று சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன்.

மறுநாள் மாலை வாட்ச்மேன் அண்ணன் இடி மாதிரி கதவைத் தட்டினார். அண்ணன் அப்போதுதான் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். வந்தவரை வாசலில் நிற்கவைத்துவிட்டுத் தான் மட்டும் குடிக்க முடியுமா? நம் ஆட்களுக்கு அது வருமா? "உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிங்க" என்றார். "வேணாம், ஏணி." "ஏணி எங்க ஓடிடப் போகுது, உக்காருங்க." உட்கார்ந்தார். ஒரு டீ இரண்டு டீ ஆயிற்று. பாதிப் பாஷையிலும் மீதிச் சைகையிலும் வாட்ச்மேன் அண்ணன் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார், கல்யாணம் ஆகிப் போன மகளைப் பற்றிச் சொன்னார். பிறகு எழுந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஏணியை எடுத்துக்கொண்டாரா? மறந்துவிட்டுப் போய்விட்டார்! அதனால் மறுநாளும் வந்தார்!

அன்று அண்ணன் என் வீட்டுக்கு ஓடி வந்த வேகம் இருக்கிறதே! "கண்டுபிடிச்சிட்டேன்டா தம்பி! கொடுத்தா நன்றி சொல்லிட்டுக் கதவைச் சாத்திடறாங்க. வாங்கி வச்சுக்கிட்டா, தேடிக்கிட்டு வர்றாங்க! வந்தா உக்கார வைக்கலாம், உக்காந்தா பேசலாம்!"

"இதுக்குப் பேரு திருட்டுண்ணே" என்றேன்.

"போடா! எந்தத் திருடன்டா வீட்டுக்கு வந்தவனுக்கு டீ போட்டுக் கொடுப்பான்?"

பெட்டியை அவிழ்த்துவிட்டார் மனிதர்! அன்று தொடங்கியது ஐயா, அந்த மகத்தான பொதுப்பணி! கேட்டு வாங்கினாரா? வாங்கினார்! திருப்பிக் கொடுத்தாரா? கொடுக்கவே இல்லை! கடையில் எழுதி மாட்டியிருப்பார்களே, "கடன் அன்பை முறிக்கும்" என்று, அந்தப் பலகையைப் பொய்யாக்கிய ஒரே மனிதர் எங்கள் அண்ணன்!

போகப் போகக் கை தேர்ந்துவிட்டது. ஒரு பொருளை முழுசாக வாங்கினால் சிலர் போனால் போகிறதென்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள் என்று கண்டுகொண்டார். அதனால் என் வீட்டில் என்ன இரவல் வாங்கினார் தெரியுமா? குக்கரா? அவ்வளவு நல்லவரா அவர்! குக்கரின் வெயிட்! மேலே உட்கார்ந்து விசில் அடிக்குமே, அந்த வெயிட் மட்டும்! நான் பருப்பைக் கழுவிப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, மூடிமேல் பார்த்தால் மூக்கறுபட்டு நிற்கிறது குக்கர். எதிர்வீட்டுக்கு ஓடினால், "வாடா, உனக்கும் சேத்துத்தான் சமைச்சிருக்கேன்" என்று இலையைப் போடாத குறையாக உட்காரவைத்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். கல்யாணம் ஆகும்வரை நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட நாள் மிகக் குறைவு.

சலவைக்கடை அம்மாவிடம் உயரத்தில் தொங்கும் உடுப்புகளை எடுக்க ஒரு கொக்கித் தடி இருக்கும். அதை, நெம்புகோல் பாடம் நடத்தவேண்டும் என்று வாங்கிப் போனார். கடையில் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள், உடுப்பெல்லாம் கூரையில் தொங்குகிறது! அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார்கள், சண்டை போட. வகுப்பு வாசலில் நின்று பார்த்தார்கள். தன் தடியை வைத்து ஒரு மனிதர் மேஜையையே தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார். பாடம் முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகமும் கேட்டார்கள். அந்த வகுப்பில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் சந்தேகம் அதுதான்!

பிள்ளைகளை விட்டாரா? காம்பஸ், அழிப்பான், ஸ்கேல் என்று வாங்கி மேல்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகள் பின்னாலேயே ஆசிரியர் அறைக்கு வருவார்கள். "காம்பஸ் இருக்கட்டும், நேத்து நடத்தினது புரிஞ்சுதா?" என்பார். சுவர்கள் பேச ஆரம்பித்தன. ஆனால் ஒரு தகப்பனார், "வாத்தியார் என் மகளோட காம்பஸைப் பிடுங்கிட்டார்" என்று புகார் கொடுத்துவிட்டார்! தலைமையாசிரியர் அம்மா அழைத்து விசாரித்தார்கள். அறைக்கு வெளியே நான் குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். வேலையே போகிற விவகாரம்! கண்டிப்பான எச்சரிக்கையோடு அனுப்பினார்கள். இனிமேல் பள்ளி வளாகத்தில் எதையும் இரவல் வாங்கக் கூடாது. அண்ணன் தலைகுனிந்து, "சரிங்கம்மா" என்றார். வெளியே மழை. வாசல்வரை போனவர் திரும்பி, "அம்மா, உங்க குடையைக் கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்டார்!

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து கடைசியில் தலைமையாசிரியரையே கடித்துவிட்டார்! ஆனால் கொடுத்தார்கள். அந்தக் குடையைத் தேடி அம்மா ஒரு சனிக்கிழமை வந்தார்கள். அப்புறம் எத்தனையோ சனிக்கிழமை வந்தார்கள். குடை இன்னும் அண்ணன் வீட்டு மூலையில்தான் இருக்கிறது. அம்மா இன்றைக்கும் நனைந்துதான் வந்திருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். என் மனைவிக்கு ஒரு பட்டப்பகலில் திடீரென்று பிரசவ வலி எடுத்தது. ஊர் புதிது, பாஷை அரைகுறை, எனக்குக் கைகால் ஓடவில்லை. அண்ணன் வராந்தாவில் நின்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். அத்தனை கதவும் திறந்தது ஐயா! பலகாரம் கொடுத்துத் திறக்காத கதவெல்லாம் திறந்தது! வாட்ச்மேன் அண்ணன் முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்து என் மனைவியைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனார். சலவைக்கடை அம்மா வேனைக் கொண்டுவந்தார்கள். வெளுத்த துணிமூட்டைமேல் படுத்துக்கொண்டு என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்று பிறந்தவள்தான், இதோ உங்கள் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அவள். நிறுத்தாதே கண்ணு, இதையும் சொல்லு. ஒரு கொக்கித் தடியை அவர் இரவல் வாங்கியிருக்காவிட்டால் அந்த வேனுக்கு நான் யாரிடம் போயிருப்பேன்? இதற்கு நான் அவருக்கு நன்றி சொன்னதே இல்லை. சொன்னால் கதவைச் சாத்தியது போல் ஆகிவிடுமோ என்று பயம்.

இப்போது அண்ணிக்கு வருகிறேன்.

அண்ணி, பட்டினி கிடந்தாலும் பக்கத்து வீட்டில் ஒரு கை உப்புக் கேட்காத குடும்பத்தில் பிறந்தவர்கள். வந்து இறங்கிய அன்றே வீட்டைப் பார்த்து அதிர்ந்துபோனார்கள். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு, இத்தனை சாமானையும் அடைச்சு வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்லை?" என்று கேட்டார்கள். அவர் பள்ளிக்குப் போனதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார்கள். மாலையில் வந்த அண்ணன், "அடிப்பாவி, ஒரு சிநேகிதத்தையே முறிச்சிட்டியே!" என்று கத்திவிட்டு, கீழே போய் மறுபடியும் அதே ஏணியை இரவல் வாங்கி வந்தார். இது எத்தனை முறை நடந்தது என்று அந்த ஏணிக்குத்தான் தெரியும். ஆனால் இரவலைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டது யார்? அண்ணிதானே! அண்ணன் கேட்டார், அண்ணி ஊற்றினார். இருபத்துச் சொச்சம் வருஷம் அப்படித்தான் நடந்தது.

போன மாதம், மதிய இடைவேளையில், ஆசிரியர் அறை நாற்காலியில் சாய்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையில் நிறைய பேனா இருந்தது. ஒன்றுகூட அவருடையது இல்லை. அதில் ஒன்று நான் விமானத்தில் கொடுத்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அவரோடே அனுப்பிவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணி என்ன செய்தார்கள்? சாமான்களையெல்லாம் துடைத்து, கூடத்தில் வரிசையாக வைத்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். "தம்பி, ஊர்ல என் தம்பி வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். போறதுக்குள்ள ஊரான் பொருளெல்லாம் அவங்கவங்ககிட்ட சேத்துடணும்" என்றார்கள். நாலு நாள் கழித்துப் போனால் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. "பாத்தீங்களா தம்பி? அவர் இருக்கிறவரைக்கும் வாசல் தேயத் தேய வந்தாங்க. இப்ப நான் போனா கதவைத் திறக்க மாட்டேங்குறாங்க. வாட்ச்மேன் என்னைப் பாத்ததும் மாடிப்படிக்குக் கீழ ஒளியுறார். அந்தச் சலவைக்கடை அம்மா கடையைப் பாதி சாத்திட்டாங்க. எல்லாம் அவரோட சிநேகிதங்கதான். இங்க எனக்குன்னு யாரு இருக்கா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமா! நேராக வாட்ச்மேனிடம் போனேன். "நன்றி கெட்ட மனுஷா, ஏன்யா ஒளியுறே?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அவர் இங்கேயே இருக்கிறார், நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் மறுக்கட்டும்.

"சார், அந்தம்மா ஏணியைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. நான் வாங்கிட்டேன்னா, அப்புறம் எந்தச் சாக்கை வச்சு அந்த வீட்டுக்குப் போவேன்?"

சலவைக்கடை அம்மாவைக் கேட்டேன். அதே பதில். தலைமையாசிரியர் அம்மா குடையைப் பார்த்ததும் வீட்டில் ஆள் இல்லாத மாதிரி விளக்கை அணைத்துவிட்டார்களாம்! ஒரு பள்ளிக்கே தலைவர், கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்ததாகவும் கேள்விப்பட்டேன். அதை நான் மேடையில் சொல்ல விரும்பவில்லை.

அண்ணி! கேட்டுக்கொள்ளுங்கள்! அவங்க உங்களைப் பாத்து ஒளியலை அண்ணி. ஏணியைப் பாத்து ஒளிஞ்சாங்க! உங்க கையால டீ குடிச்சவங்க, அந்த டீயைத் தொலைச்சிடக் கூடாதுன்னு ஒளிஞ்சாங்க! அண்ணன் பொருளைத்தான் இரவல் வாங்கினார். வந்தவர்கள் உங்களைத் தேடித்தான் வந்தார்கள். இது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

ஆகவே அவையோரே, இந்தக் கூட்டத்தின் சார்பில் ஓர் உறுதிமொழி. படம் திறப்போம், மலர் வைப்போம், அதெல்லாம் சரி. அவர் விட்டுச் சென்ற பணியை யார் தொடர்வது? நாம் தொடர்வோம்! அந்த வீட்டில் இருக்கும் நம் பொருள் எதையும் திரும்ப வாங்க மாட்டோம்! ஏணி அங்கேயே இருக்கும்! தடி அங்கேயே இருக்கும்! குடை அங்கேயே இருக்கும்! கேட்டுக் கேட்டுப் போவோம், வெறுங்கையோடு திரும்பி வருவோம்! சம்மதமா? சத்தம் போதவில்லை! ஆங், இதோ பின்பாதியிலிருந்தும் வருகிறது. நன்றி.

இன்னும் ஒரே ஒரு பயம் எனக்கு இருக்கிறது. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து அண்ணி கையில் மூடி வைத்திருப்பது என் குக்கர் வெயிட். எனக்குத் தெரியும். எப்போது நான் மேடையை விட்டு இறங்குவேன், எப்போது என் கையில் திணிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணி, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு எனக்கு உங்கள் வீட்டில் என்ன வேலை?

என்ன அண்ணி? எழுந்திருக்கிறார்கள். கொஞ்சம் அமைதி, அமைதி. சத்தமாச் சொல்லுங்க அண்ணி, பின்னால கேக்கலை.

அவையோரே, அண்ணி சொன்னதை அப்படியே சொல்கிறேன். "வெயிட் என்கிட்டயே இருக்கட்டும் தம்பி. வெறும் வெயிட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உங்க குக்கரைக் கொஞ்சம் கொடுங்க."

அந்த வீட்டில் மூன்று குக்கர் இருக்கிறது! எனக்குத் தெரியும்! ஒரு கை உப்புக் கேட்காதவர்கள்!

இதோ, என் மகள் சொல்லி முடித்துவிட்டாள். பின்வரிசைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

தலைவர் அவர்களே, இன்னும் நிறையப் பேசலாம் என்றுதான் வந்தேன். மன்னிக்கவேண்டும். நான் வீட்டுக்குப் போய்க் குக்கர் எடுத்துவர வேண்டும்.